கேட்டால்தான் சொல்ல வேண்டும்

மருத்துவக் கல்லூரித் தேர்வில் நோயாளியாக நடிக்கக் கூப்பிட்டால், ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: நமக்குப் பதில் உட்காரப் போகிறவருக்கும் ஒத்திகை உண்டா? இல்லையென்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என் வேடம் இது: ராயபுரத்துக்காரர், ஆறு மாத இருமல், படியேறினால் மூச்சு வாங்கும். "என்ன வேலை?" என்றால் "வாட்ச்மேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டால்தான் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய கதை வெளியே வரும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றது. ஆனால் நுரையீரலில் படிந்த தூசி, வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் தன் வேலையைக் காட்டும். நானும் துறைமுகத்தில் உழைத்தவன். எங்கள் பக்கத்து ஆளிடம் பழைய வேலையைக் கேட்காத டாக்டர் இருமல் மருந்து எழுதித்தான் அனுப்புவார்.

காலையில் பெரும்பாலோர் "வாட்ச்மேன்" என்றதும் பீடி, சிகரெட் பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "எப்பவும் இதே வேலைதானா ஐயா?" என்றாள்.

மதியம் என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அலுவலக ஊழியர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மாணவர் வாய் திறக்குமுன்பே "கரித்தூசியில வேலை செஞ்சேன் சார்" என்று ஒப்பித்திருக்கிறார். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். காலையில் எழுதியவர்கள் தகராறு செய்ய, நான் உட்கார்ந்த மேசையின் மதிப்பெண்ணையே ரத்து செய்தார்கள். அந்தப் பெண் கேள்வி கேட்டு வாங்கிய மதிப்பெண்ணும் அதோடு போயிற்று. "வெளியாளை நடிக்கவிட்டால் இப்படித்தான்" என்று பேச்சு வேறு. நான் ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லவில்லை.

1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக ஆளை நடிக்க வைக்கும் இந்த முறையைத் தொடங்கினார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மணியடித்தால் மாணவர் அடுத்த மேசைக்கு நகரும் ஆஸ்கி என்ற தேர்வை அறிமுகப்படுத்தினார். வார்டில் கிடக்கும் நிஜ நோயாளி பத்தாவது மாணவரிடம் சலித்துப்போவார், பதில் மாறும். எல்லாருக்கும் ஒரே நோயாளி கிடைக்கத்தான் நம்மை உட்கார வைக்கிறார்கள். மதியம் ஆளை மாற்றினால் எதற்கு இந்த ஏற்பாடு?

மற்றபடி, இருமலைக் கூட்டாதீர்கள். நிஜமாகவே ரத்தக்கொதிப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் தாளில் நோயாளிக்கென்று ஒரு கட்டம் கேட்டு வாங்குங்கள். முகம் பார்த்துப் பேசினாரா, சொல்லி முடிக்கவிட்டாரா என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் தெரியும், மூலையில் நின்று குறிக்கும் பேராசிரியருக்கு அல்ல.