பாட்டி கேட்கும் தண்ணீர்

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியுள்ளன. அக்குடும்பங்களின் முதியோர் சிலர் மறதிநோய்க்கு ஆளாகின்றனர். பெங்களூரு கஸ்தூரி நகரில் 2010 முதல் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை இந்நோயாளர்க்கெனத் தனிக் காப்பகம் நடத்துகிறது.

காப்பகம் தேடுவோர் கட்டடத்தின் பொலிவை மட்டும் கண்டு முடிவெடுத்தல் ஆகாது. உணவு வேளையில் சென்று, முதியோர்க்குப் பொறுமையுடன் ஊட்டுகின்றனரா, இரவில் பணியாளர் எத்தனை பேர், குளியலறைத் தரை வழுக்குமா என அறிதல் வேண்டும்.

இந்நோயுற்ற பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முன்னதாக மறையும். தாய்மொழி நெடுநாள் நிற்கும். கன்னடம் மறந்த பாட்டி தண்ணீரைத் தமிழில்தான் கேட்பார். அது விளங்கும் பணியாளர் அங்கு உண்டா என்பதும் கேட்கத்தக்க வினாவே. காணச் செல்லும் பேரப்பிள்ளைக்கும் அந்தத் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும்.

வினா: காப்பகம் தேடுவோர் அறிய வேண்டியவை யாவை?