கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் பிள்ளைகளை மைசூருக்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்கே காரஞ்சி ஏரிக்கரையில் 1995-இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், விலங்குகளை அவை வாழும் சூழலோடு சேர்த்து அமைத்திருக்கிறார்கள். இத்தகைய காட்சிகளுக்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஒரு பெண்மணியும் உண்டு. அவரைப் பற்றி நான் படித்தறிந்ததை வாசகர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மார்த்தா மாக்ஸ்வெல் 1831-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். தங்கம் தேடிச் சென்ற கூட்டத்தோடு 1860-இல் கணவருடன் கொலராடோவில் குடியேறினார். அங்கே அவருடைய குடிசையை ஆக்கிரமித்திருந்த ஒருவர், பறவைகளைப் பாடம் செய்து வைத்திருந்தார். அதைக் கண்டதும் மார்த்தாவுக்கு அக்கலையில் ஆர்வம் பிறந்தது.

பாடம் செய்வது என்றால் இறந்த உயிரின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வடிவம் கொடுத்து, உயிருள்ளது போல் நிறுத்துவது. அக்காலத்தில் அவற்றை அலமாரியில் வரிசையாக வைப்பதே வழக்கம். மார்த்தாவோ பாறை, மரம், செடிகளுக்கு நடுவே அவற்றை அமைத்தார். 1874-இல் போல்டர் நகரில் சொந்தமாக அருங்காட்சியகம் திறந்தார். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் ஒரு மலையையே செயற்கையாக எழுப்பி, நீரோடை ஓடவிட்டு, விலங்குகளை நிறுத்தினார். ஒரு பெண் இதைச் செய்திருக்க முடியுமா என்று பலர் ஐயுற்றனர். 'பெண்ணின் உழைப்பு' என்ற பலகைதான் அவர்களுக்கு அவர் அளித்த விடை.

இவ்வளவு செய்தும் வறுமை நீங்கவில்லை. 1881-இல், ஐம்பது வயது நிறையுமுன்னரே காலமானார். அவர் சேர்த்தவையும் பின்னர் அழிந்தன. ஆனால் ஆந்தை வகை ஒன்றுக்கு அறிவியலார் இட்ட 'மாக்ஸ்வெல்லியே' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

மார்த்தா தாமே துப்பாக்கி ஏந்தி வேட்டையாடியவர். அந்த வழி இன்று நமக்கு ஏற்புடையதன்று. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடம் தராது. கண்ணாடியிழையிலும் களிமண்ணிலும் உருவம் வடித்து, பின்புறம் காட்டை வரைந்தாலே போதும். அதற்கு ஓவியமும் வேண்டும், உயிரியலும் வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. படம் வரையும் பெண்பிள்ளையிடம் "இது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். கேள்வி நியாயமானதே, மார்த்தாவுக்கும் அது எளிதாகச் சோறு போடவில்லை. ஆயினும் பொறியியல், மருத்துவம் தவிர வேறு வழியே இல்லை என்று கதவடைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அடுத்த முறை அருங்காட்சியகம் செல்லும்போது, "இதைச் செய்தவர் யார்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.