உரசும் இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பழைய காம்பவுண்ட் வில்லில் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனால், பலரும் உடனே அம்பைத் தாங்கும் ரெஸ்டைப் புதிதாக வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பழைய வில்களோடு பழகியதில் நான் கண்டது: இறகு எதில் உரசுகிறது என்று தெரியும்வரை எதையும் கழற்றக் கூடாது.

முதலில் வில்லின் கையான லிம்ப் முழுக்கப் பஞ்சை இழுத்துப் பார்ப்பேன். பஞ்சு எங்காவது சிக்கினால் விரிசல் இருக்கலாம். அந்த வில்லை எய்யவே கூடாது. சிக்காவிட்டால், பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை ரெஸ்ட், கேபிள், நடுப்பிடியான ரைசரின் உட்புறம், இறகு எல்லாவற்றிலும் அடித்து, பக்கத்தில் வைத்த இலக்கில் எய்வேன். பவுடர் அழிந்த இடத்தில்தான் உரசல்.

ரெஸ்டில் தடம் விழுந்தால், அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ‘நாக்’ பகுதியைக் கொஞ்சம் திருப்பினாலே பல சமயம் போதும். இருமுனை ரெஸ்டில் ஓர் இறகு கீழ்நோக்கி, இரு முனைகளுக்கும் நடுவே போக வேண்டும். பழைய அலுமினிய அம்புகளில் நாக் ஒட்டப்பட்டிருக்கும். திருகினால் வராது, எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். நாணில் நாக் பொருந்தும் இடம் தாழ்ந்திருந்தாலும் கீழ் இறகு இடிக்கும். ரெஸ்டிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே வைத்துத் தொடங்குங்கள்.

கேபிளில் தடம் என்றால், வளைந்த கேபிள் கார்டு கம்பியைத் திருப்பிக் கேபிளை வெளியே தள்ளலாம். அளவு மீறினால் வில் முனையில் உள்ள கேம் சக்கரம் சாய்ந்துவிடும். கேபிளையே கழற்ற வேண்டியிருந்தால், வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ரைசரில் தடம் என்றால் அம்பு நெளியும் விதத்தைச் சந்தேகிப்பேன். ஹோலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லை அந்நாளில் பலர் விரலால்தான் இழுத்தார்கள். விரலால் விட்டால் அம்பு பக்கவாட்டில் நெளியும். நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியில் விட்டால் பெரும்பாலும் மேலும் கீழுமாக நெளியும். அன்றைய ரெஸ்டை வைத்துக்கொண்டு இன்று ரிலீஸில் எய்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் இடிக்கலாம். அம்பின் விறைப்பும் இழுவிசைக்குப் பொருந்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு உரசினால் உயரம் குறைந்த இறகு. கடைசியாகத்தான் டிராப்-அவே ரெஸ்ட். அதுவும் இறகு வந்து சேரும் முன் ரெஸ்ட் கீழே விழும்படி அதன் கயிற்றைச் சரிசெய்தால்தான் பலன்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பவுடர் அடித்துப் பாருங்கள். எல்லா அம்பும் சுத்தமாகப் போய் ஒன்று மட்டும் தடம் பதித்தால், வில்லை விட்டுவிடுங்கள்; அந்த அம்பின் இறகு கோணலாக ஒட்டியிருக்கலாம்.