காத்து போச்சு, ஈரம் போச்சா?

“ரெண்டு செகண்ட் நட்டைத் தளர்த்தி விட்டா போதும் அண்ணா, பைப்ல இருக்கிற காத்தெல்லாம் ஓடிடும். வேக்கம் பம்ப்லாம் காசு பிடுங்குற வேலை.”

பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சொன்னது. வீட்டின் பின்கட்டில் எட்டுத் தறி ஓடுகிறது, இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். ஆன்லைனில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி வாங்கி, யூடியூபைப் பார்த்துத் தானே மாட்டிவிட்டான். ஒருவன் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். சித்திரை பிறந்ததிலிருந்து இதே வசனத்தை நகரியில் ஒரு மெக்கானிக்கும், பள்ளிப்பட்டில் ஒரு வாத்தியாரும், போதாக்குறைக்கு என் சொந்த மச்சானும் எனக்கே பாடம் எடுக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஏசி வேலையில் கை கறுத்தவனுக்கு இதைக் கேட்டு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இந்த வதந்திக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோ ஏசியில் எல்லாம் ஒரே பெட்டி. கேஸை ஃபேக்டரியிலேயே அடைத்து மூடிவிடுவார்கள். ஜன்னலில் உட்காரவைத்து ப்ளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. வீட்டுக்காரரே மாட்டலாம், அதில் எனக்கு இன்றும் ஆட்சேபம் இல்லை. ஸ்ப்ளிட்டில் பெட்டி இரண்டாகிவிட்டது. கேஸ் அவுட்டோரில் பூட்டியிருக்கும். இண்டோர் காயிலிலும் நாம் இணைக்கிற காப்பர் பைப்பிலும் இருப்பது நம் ஊர்க் காற்றும் அதில் உள்ள ஈரமும்தான். அந்தக் காலத்தில் ஆர்-22 கேஸோடு மினரல் ஆயில் ஓடியது. அது ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது. அதனால் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டே பலரும் காலத்தை ஓட்டினார்கள். நானும் ஓட்டியவன்தான். தொழில் பழகிய முதல் மூன்று வருஷம் என் பையில் வேக்கம் பம்பே கிடையாது. வாத்தியார் சொன்னார், செய்தேன்.

அந்த ஆர்-22 ஓசோனை அரிக்கிற சாதி. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதைப் படிப்படியாக ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். பதிலுக்கு ஆர்-410ஏ வந்தது, இப்போது கடையில் இருப்பது பெரும்பாலும் ஆர்-32. கேஸ் மாறியபோது கம்ப்ரஸர் ஆயிலும் மாறியது. புது ஆயில் உப்பு மாதிரி. ஐப்பசி மழையில் திறந்து வைத்த உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்களே, அப்படிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரமும் கம்ப்ரஸர் சூடும் சேர்ந்தால் ஆயில் சிதைந்து அமிலமாகும். அமிலம் மோட்டார் வைண்டிங்கின் மேல்பூச்சைத் தின்னும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. மாட்டிய அன்றைக்கு ஏசி ஜில்லென்றுதான் அடிக்கும். அதனால்தான் வதந்தி பிழைத்துக் கிடக்கிறது.

சரி, காத்து ஓடிடுமா? பெரும்பகுதி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இண்டோர் காயிலுக்குள் பைப் பாவு ஓட்டினது போலப் போய்ப் போய்த் திரும்பும், நடுவில் கிளை பிரியும். திறந்துவிட்ட கேஸ் சுலபமான வழியில் பாய்ந்து வெளியே வந்துவிடும். மூலையில் காற்று தங்கும். தங்கின காற்று கேஸைப் போல அவுட்டோரில் திரவமாகாது. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். ஆம்பியர் கூடும், கூலிங் குறையும், பில் ஏறும்.

ஈரத்தின் கதை இதைவிட மோசம். அது காப்பரின் உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். ஈரச்சட்டையை உதறினால் தூசி விழும், ஈரம் விழுமா? அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் வெளியே இழுக்க வேண்டும். பைப்புக்கு அடியில் அடுப்பு வைக்க முடியாது. அழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 30 டிகிரியில் கொதிக்க வேண்டுமானால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் இருபத்து நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். வேக்கம் பம்ப் செய்கிற வேலை அதுதான். நட்டைத் தளர்த்தினால் அது நடக்காது, இரண்டு செகண்டும் சரி, இருபது செகண்டும் சரி.

போன ஆடியில் ஒரு தறிக்காரர் வீட்டில் இரண்டே வயசான ஏசி செத்துக் கிடந்தது. கம்ப்ரஸரைக் கழற்றி, தறியடியில் கிடந்த வெள்ளைத் துண்டுத்துணியில் ஆயிலைச் சாய்த்தேன். புது ஆயில் தேங்காயெண்ணெய் போலத் தெளிவாக இருக்கும். இது முதல் டிகாஷன் நிறத்தில் இறங்கியது. கருகலும் புளிப்பும் கலந்த ஒரு நெடி. அந்த வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். “மாட்டினப்போ ஒரு மோட்டார் மாதிரி வெச்சு ஓட்டினாங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்லையே, ஒரு ஸ்பேனர் கொண்டாந்தாரு, அரை மணியில போயிட்டாரு” என்றார்கள்.

கவனியுங்கள், அதை மாட்டியது வீட்டுக்காரர் இல்லை, காசு வாங்கிக்கொண்டு வந்த ஆள். ஆகவே ‘மெக்கானிக் வந்தால் எல்லாம் சரியாக இருக்கும்’ என்பது இரண்டாவது மூடநம்பிக்கை. அமெரிக்காவில் கேஸில் கை வைக்கச் சான்றிதழ் வேண்டும். அங்கே வீட்டுக்காரர் தானே மாட்டுவதற்கென்று விற்கும் மாடல்களும் உண்டு. அவற்றில் பைப்பைக்கூட ஃபேக்டரியிலேயே வேக்கம் பிடித்து, கேஸ் நிரப்பி, பூட்டி அனுப்புகிறார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே சாதா பைப்பை வைத்துக்கொண்டு ஆடினால் எப்படி? நம்மிடம் யார் வேண்டுமானாலும் ஸ்பேனரோடு ஏணி ஏறலாம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல காரியம். ஆனால் உங்கள் வாசலில் வந்து நிற்பவர் அந்த லட்சத்தில் ஒருவரா என்று நெற்றியில் எழுதியிருக்காது.

அதனால் ஆளைப் பார்க்காதீர்கள், பையைப் பாருங்கள். வேக்கம் பம்பும் கேஜும் இருக்கிறதா? பம்ப் பதினைந்து இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 30-க்குப் போய் நிற்கும். அப்புறம் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, ஒரு டீ குடிக்கிற நேரம் முள்ளையே பாருங்கள். ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது அல்லது பைப் முனையின் ஃப்ளேர் இணைப்பு கசிகிறது. ஏறாவிட்டால்தான் கேஸைத் திறக்க விட வேண்டும். ‘சீசன் நேரம் சார், டைம் இல்ல’ என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஒரு சீசன் வேலையில் பம்பின் விலை திரும்பிவிடும். அதைக்கூட வாங்காதவருக்கு உங்கள் ஏசி மேல் என்ன அக்கறை?

‘அது வெறும் கேஸ்தானே, கொஞ்சம் வெளியே போனால் என்ன?’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை. ஆர்-290 என்று ஸ்டிக்கர் இருந்தால் அது புரொப்பேன், உங்கள் சமையல் சிலிண்டரில் இருப்பதன் கூடப்பிறந்தது. கோத்ரெஜ் 2012-லேயே அதில் ஏசி போட ஆரம்பித்தது. அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் பீடியோடு நிற்க, நட்டைத் தளர்த்துகிறேன் என்கிறீர்கள். அழுத்தமும் விளையாட்டில்லை. நம் பைக் டயரில் 30 பிஎஸ்ஐ சொச்சம். ஆர்-32 சும்மா நிற்கும்போதே 30 டிகிரி வெப்பத்தில் 260-ஐத் தாண்டும். நம் மே மாத மொட்டைமாடியில் அது எங்கே போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் எமன். வீடு மாறும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுவதை ‘கேஸ் லாக்’ என்போம். கம்ப்ரஸர் ஓடும்போதே அவசரப்பட்டுப் பைப்பைக் கழற்றினால் அது காற்றைக் குடிக்கும். காற்றும் ஆயில் துளியும் சேர்ந்து அழுத்தத்தில் சூடேறினால் டீசல் இன்ஜினில் நடப்பதுதான் நடக்கும். ஆனால் இன்ஜின் அதைத் தாங்கச் செய்தது, கம்ப்ரஸர் அப்படியில்லை. ஜப்பானில் பொருள் பாதுகாப்பை ஆராய்கிற நைட் என்ற அரசு அமைப்பு, அனுபவமில்லாதவர்கள் கழற்றப்போய் அவுட்டோர் வெடித்ததைக் காட்டி எச்சரித்திருக்கிறது. இந்த வேலையில் யூடியூப் வீரம் வேண்டவே வேண்டாம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டேன். வருஷா வருஷம் கேஸ் ரொப்பணுமாம். ஏசி என்ன பைக்கா, பெட்ரோல் குடிக்க? கேஸ் குறைந்தால் ஓட்டை இருக்கிறது, முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமாம். குளிராது, நேரம் கழித்து நிற்கும், அவ்வளவுதான். தறி லைனில் ஏசியைக் கோத்தால் இலவச யூனிட்டில் ஓடுமாம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் கொடுத்தது தறி ஓட்ட. பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். அப்புறம், ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்பது. தறி இல்லாத ஊருக்கு அது சரியோ என்னவோ. நம் வீடுகளில் பறக்கிற பஞ்சுக்குப் பதினைந்து நாளில் ஃபில்டர் கம்பளியாகிவிடும். அவுட்டோரைத் தறிக்கொட்டகை ஜன்னலுக்கு எதிரே வைக்கிறவர்களை என்ன சொல்ல!

வீட்டுக்காரர் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. இடம் பார்ப்பது, இண்டோர் தகட்டை மட்டம் பார்த்து அடிப்பது, ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போடுவது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். டீக்கடைத் தம்பி இதையெல்லாம் பல மெக்கானிக்குகளைவிடச் சுத்தமாகச் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கேஸை மீட்டெடுத்து, வேக்கம் போட்டு, எடை போட்டுத் திரும்ப ஏற்றினோம். முள் நின்றதைப் பார்த்ததும் அவன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் பழக்கதோஷத்தில் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். பல்பு நூறு வாட், எரிந்தது மின்மினி மாதிரி. எனக்கு ஏசியே மறந்துபோய்விட்டது. இந்த ஊரில் எட்டுத் தறி, பத்துத் தறி ஓட்டுகிற வீடுகளில் எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டது தாத்தா காலத்தில். அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவர் உண்டா? வெயிலில் மண் கருங்கல்லாக இறுகிக் கிடக்கிறது. தறியிலோ ஏசி உடம்பிலோ கசிகிற கரண்ட் அந்தக் கல்லுக்குள் எப்படி இறங்கும்? உங்கள் கையைத்தான் தேடும். ஏசிக்கு ஸ்டெபிலைசர் எந்தக் கம்பெனி என்று அரை நாள் விசாரிக்கிறவர்கள் எர்த்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள் என்று நானும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழியைக் கொத்திவிட்டு, துருப்பிடித்த கிளாம்பை மாற்றி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். அரை மணி கழித்துப் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஏசித் தண்ணீர் வடிகிற டிரெயின் பைப்பைத் தெருப்பக்கம் விட்டு எதிர்வீட்டோடு ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கிறது. “இந்தத் தண்ணிய எங்கதான் விடறது அண்ணா?” என்றான். சுவரோரமாக இரண்டு எல்போ போட்டுத் திருப்பி, குழியின் சிமெண்ட் வளையத்துக்கு உள்ளே விட்டுவிட்டு வந்தேன்.