பத்து நிமிசம் போதும், பிள்ளையை இனங்காண!

முன்பள்ளி ரீச்சர் தங்கச்சிமாரே, உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்று தெரியும். ஆனாலும் ஆனி மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பத்து நிமிசம் பாருங்கோ. எழுத்திலும் எண்ணிலும் யாருக்குக் கைகொடுக்க வேணும் என்று அப்போதுதான் பிடிபடும். மார்கழியில் கண்டுபிடித்து என்ன செய்யப்போறியள்?

ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். இருபது பேர் என்றாலும் இரண்டு கிழமையில் முடியும்.

1. முதலில் பிறந்த திகதி. ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருந்தால்தான் தரம் 1. அதனால் ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்ததுக்கும் அடுத்த ஜனவரியில் பிறந்ததுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருச இடைவெளி. சின்னதைப் பெரியதோடு ஒப்பிட்டு "மந்தம்" என்று சொல்லிப்போடாதேங்கோ.

2. காதும் கண்ணும். பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புதா? படத்தை முகத்துக்கு ஒட்டிப் பிடிக்குதா? தடிமனோடு வந்த நாளில் சோதிக்க வேண்டாம். பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

3. ஒலி. "பனங்காய்" என்று சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கோ: ப-னங்-காய், மூன்று தட்டு. பிறகு "மாடு, மாமா, கோழி" என்று சொல்லி, எது வேறுமாதிரித் தொடங்குது என்று கேளுங்கோ. ஒலியைப் பிரித்துக் கேட்கிற பிள்ளைக்கு வாசிப்பு சுகமாக வரும்.

4. எழுத்து. அ, ஆ என்று வரிசையாகப் பாடுகிறதை நம்பாதேங்கோ, அது பாட்டு. தன் பெயரில் உள்ள எழுத்துகளை மாறிமாறிக் காட்டிக் கேளுங்கோ. 247ஐயும் இப்போதே திணிக்க வேண்டாம்.

5. எண். ஐந்து புளியங்கொட்டையைத் தொட்டு எண்ணச் சொல்லுங்கோ. எண்ணி முடிய "எத்தனை?" என்று கேளுங்கோ. திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் விளங்கவில்லை. "எனக்கு நாலு தாங்கோ" என்றும் கேளுங்கோ. இருபது வரை ஒப்புவிக்கிற சில பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவினம்.

6. பதிவு. பிள்ளைக்கு ஒரு பக்கம்: "தானாக", "உதவியோடு", "இன்னும் இல்லை". புள்ளி வேண்டாம், இடமும் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை:

• மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதேங்கோ. வெட்கப்படுகிற பிள்ளை தெரிந்ததையும் சொல்லாது.
• "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றால் அது சரியான விடைதான். வீட்டுப்பேச்சுக்குப் பிழை போடாதேங்கோ.
• எழுத்தைத் திருப்பி எழுதினால் வருத்தம் என்று பெயர் வைக்காதேங்கோ. இந்த வயதில் அது வழமை.
• அம்மாமார் புலமைப்பரிசிலை நினைத்துப் பதறினாலும் நீங்கள் பதற வேண்டாம். அது தரம் 5 கதை.

பார்த்துவிட்டுக் கொப்பியை மூடி வைத்தால் பார்த்ததே வீண். "இன்னும் இல்லை" என்ற பிள்ளைகளை மூன்று நாலு பேராக இருத்தி, தினமும் பத்து நிமிசம் கைதட்டலும் கொட்டை எண்ணலும் செய்யுங்கோ. இரண்டு மாதத்தால் திரும்பப் பாருங்கோ. அப்போதும் அசையவில்லை என்றால், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கோ.

1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலேயே, தரம் 1இல் காலெடுத்து வைக்கிற பிள்ளைகளை விளையாட்டு மூலம் இனங்காணும் வேலையைச் சேர்த்திருக்கினம். உங்கள் குறிப்பு தரம் 1 ரீச்சரின் கைக்குப் போனால் பிள்ளை முதல் நாளிலிருந்தே தடுமாறாது.

இண்டைக்கே கொப்பியில் பெயர்களை எழுதுங்கோ. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையிலிருந்து தொடங்குங்கோ.