நம்பிக்கைகளும் உண்மைகளும்: கழுவினாலும் போகாத காட்மியம்

நம்பிக்கை: சாக்கடைத் தண்ணீரில் விளைந்த கீரையானாலும், உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசி வேகவைத்தால் சுத்தமாகிவிடும்.

உண்மை: அலசுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். இலைமேல் ஒட்டிய மண்ணும் தூசியும் போகும், அவற்றோடு வந்த ஈயமும் போகும். கொதியில் கிருமிகள் சாகும். காட்மியம் போகாது. வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்கிவிடும் உலோகம் அது. நெருப்பு அதைச் சிதைக்காது.

நம்பிக்கை: தளதளவென்று வளர்ந்த கீரையில் விஷம் இருக்காது.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். கழிவுநீரில் தழைச்சத்து மிகுதி, அதனால்தான் அந்தச் செழிப்பு. துத்தநாகமோ நிக்கலோ மண்ணில் மிகுந்தால் செடியே வெளிறிக் குன்றி நம்மை எச்சரித்துவிடும். காட்மியத்தில் அந்த எச்சரிக்கை கிடையாது. மனிதருக்குக் கேடான அளவு ஏறிய பின்னும் செடி பச்சைப்பசேலென்றே நிற்கும். உலக உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் கீரை வகைகளுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் இது எப்படித் தெரியும்? சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இரும்புச்சத்து குறைந்த உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். இரத்தசோகை இத்தனை பரவலாக இருக்கும் நம் பெண்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

உணவு வழியாகக் காட்மியம் உடலில் ஏறும் கேடு ஜப்பானின் டொயாமா பகுதியில் நடந்தே விட்டது. கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியில் காட்மியம் ஏறியது. அதை உண்டு நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். எலும்பு நொறுங்கும் வேதனையில் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் அலறிய ‘இதாய்-இதாய்’ என்ற சொல்லே நோயின் பெயரானது. சுரங்கக் கழிவே காரணம் என்று அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. வயல்களைச் சீராக்கி முடிக்க 2012 வரை ஆயிற்று.

நம்பிக்கை: எல்லாச் சாக்கடையும் ஒன்றுதான்; குற்றவாளி விவசாயி.

உண்மை: வீட்டுக் கழிவுநீரில் கன உலோகம் குறைவு, அங்கே பயப்பட வேண்டியது கிருமிகளுக்கும் குடற்புழு முட்டைகளுக்கும். உலோகம் பெரும்பாலும் முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உருக்கும் இடம், தோல் பதனிடும் ஆலை போன்றவற்றிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்திலும் அது அழிவதில்லை, கசடில் படிகிறது. அந்தக் கசடை எருவாகப் போட்டால் மறுபடி நிலத்துக்கே வரும். புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டால் செடிக்குள் காட்மியம் ஏறுவது குறையும். பயிரை மாற்றலாம்: தக்காளி, அவரை, பூசணியில் கீரையைவிடக் குறைவாகவே சேரும். விவசாயியால் இவ்வளவுதான் முடியும். வேறு தண்ணீர் இல்லாதவரைப் பழிப்பது நியாயமில்லை.

கீரையை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் வாய்க்காலில் எந்தப் பட்டறையின் கழிவு கலக்கிறது என்று உள்ளாட்சியில் கேளுங்கள். அந்தத் தண்ணீரையும் மண்ணையும் காட்மியத்துக்காகச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடச் சொல்லுங்கள்.