மணிக்கு யார் துணை?

நுழையும் முன்

செல்லப்பிராணி வளர்ப்பது மகிழ்ச்சி தரும் செயல். அது ஒரு பொறுப்பும் ஆகும். விடுமுறையில் குடும்பத்தினர் அனைவரும் வெளியூர் செல்லும்போது அப்பொறுப்பை யார் ஏற்பது? பெங்களூரில் வாழும் ஒரு குடும்பம் இக்கேள்விக்கு விடை தேடியதை இப்பாடம் கூறுகிறது.

காப்பகத்தில் ஒரு வினா

செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. பெங்களூரின் அல்சூர் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, நகரின் புறப்பகுதியில் உள்ள விலங்குகள் காப்பகத்துக்குச் சென்றது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு நாய்க்குட்டி வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அப்பா, அம்மா, பாட்டி மூவரும் அதற்கு இசைந்திருந்தனர்.

காப்பகத்தில் செம்மண் நிறக் குட்டி ஒன்று மகளின் காலணியை முகர்ந்து பார்த்தது. பிறகு அதன்மேலேயே தலைவைத்துப் படுத்துக்கொண்டது. மழைநீர்க் கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட நாட்டு நாய்க்குட்டி அது. "இதுதான் என் மணி" என்றாள் மகள்.

பணியாளர் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார். வீடு சொந்தமா வாடகையா, வீட்டு உரிமையாளரின் இசைவு உண்டா, பகலில் வீட்டில் இருப்பவர் யார் என வினாக்கள் இருந்தன. அப்பா அனைத்துக்கும் விடை எழுதினார். இறுதி வினாவில் அவருடைய எழுதுகோல் நின்றது. 'நீங்கள் வெளியூர் செல்லும் நாள்களில் இக்குட்டியை யார் பார்த்துக்கொள்வார்?'

டிசம்பர் விடுமுறையில் இலட்சத்தீவுக்குச் செல்ல அக்குடும்பம் முன்னரே திட்டமிட்டிருந்தது. "மணியையும் அழைத்துச் செல்வோம்" என்றாள் மகள்.

"இலட்சத்தீவுக்கு நாய்களைக் கொண்டுசெல்ல முடியாது, அம்மா" என்றார் பணியாளர். "அவசரம் இல்லை. இந்த வினாவுக்கு விடை கண்டபின் அடுத்த வாரம் வாருங்கள். குட்டி உங்களுக்காகக் காத்திருக்கும்."

மகளின் முகம் வாடியது. பணியாளர் ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினார். அங்கே வயதான நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் கழுத்தில் பட்டை இருந்த தடம் மட்டும் இருந்தது. வாயிலில் வண்டி ஓசை கேட்கும்போதெல்லாம் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்பு மீண்டும் தாழ்த்திக்கொண்டது. "சென்ற கோடை விடுமுறையில் இதை எங்கள் வாசலில் கட்டிவிட்டுச் சென்றுவிட்டனர். இன்னும் எதிர்பார்க்கிறது" என்றார் அவர்.

வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி குற்றமாகும். ஆயினும் அன்று மகளைச் சிந்திக்க வைத்தது சட்டமன்று; தூக்கிப் பார்த்த அந்தத் தலையே.

பயணத்தை நிறுத்திய இருவேறு நிகழ்ச்சிகள்

இத்தகைய காப்பகங்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி நியூசிலாந்து செல்லும் வழியில் தில்லியில் தங்கினார். அங்கே சாலையில் சாகும் நிலையில் கிடந்த ஒரு குதிரையைக் கண்டார். கடந்து செல்ல அவருக்கு மனம் வரவில்லை. பயணத்தைக் கைவிட்டு இந்தியாவிலேயே தங்கி, விலங்குகளுக்காக உழைத்தார். தம் முதிய வயதில் பெங்களூருக்கு வந்து, 1991ஆம் ஆண்டில் 'கியூபா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் விலங்கு நல அமைப்பைத் தொடங்கினார்.

தமிழ்நாட்டின் 'புளூ கிராஸ்' அமைப்பும் இத்தகைய ஒரு கணத்தில் பிறந்ததே. கேப்டன் சுந்தரம், அவருடைய மனைவி உஷா சுந்தரம் இருவரும் விமானிகள். உஷா, பெங்களூரின் ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1949ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றவர். 1959ஆம் ஆண்டில் சென்னை தியாகராய நகரில், வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவே அவ்வமைப்புக்கு வித்தாயிற்று.

தீவில் நாய்கள் இல்லாதது ஏன்?

வீடு திரும்பியபின், "இலட்சத்தீவினர் நாய்களை வெறுப்பவர்களா?" என்று மகள் கேட்டாள். அம்மா அவளுக்கு விளக்கினார்.

வெறிநோய் எனப்படும் ரேபிஸ் கொடிய நோய். அதன் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியாலேயே பரவுகிறது. இந்தியாவில் இந்நோய் இல்லாத பகுதிகளாக இலட்சத்தீவும் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் குறிப்பிடப்படுகின்றன. சிறிய தீவுகளில் நோய் நுழைந்தால் தடுப்பது கடினம். ஆகவே, இலட்சத்தீவில் நாய்கள் அனுமதிக்கப்படுவதில்லை.

"அப்படியானால் அது வெறுப்பு அன்று, முன்னெச்சரிக்கை" என்றாள் மகள்.

நிலப்பகுதியில் வாழ்வோர்க்குத் தடுப்பூசியே காவல். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் உருவாக்கிய வெறிநோய்த் தடுப்பூசி ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. தென்னிந்தியாவில் இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பதற்காக 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்; உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது வீட்டு நாயாக இருந்தாலும் மருத்துவரைக் காண்பது கட்டாயம்.

பாட்டியின் முடிவு

அன்று இரவு உணவின்போது பாட்டி, "நான் வீட்டில் இருந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் சென்று வாருங்கள்" என்றார்.

அப்பா அமைதியாக இருந்தார். அது எளிய வழி. படிவத்தை அப்போதே நிரப்பிவிடலாம். ஆனால், மகள் உண்பதை நிறுத்திவிட்டாள். "பாட்டி, தீவு எப்படி இருக்கும் என்று நீங்கள்தாமே முதலில் கேட்டீர்கள்? என் ஆசைக்காக நீங்கள் ஏன் தங்க வேண்டும்? குட்டி வேண்டும் என்றவள் நான். விடையையும் நானே தேடுகிறேன்" என்றாள்.

மறுநாள் அவள் மேல்மாடிக்குச் சென்றாள். அங்கே அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கன்னடப் பெண்மணி ஒருவர் தனியே வாழ்ந்தார். அவரை அவள் 'அஜ்ஜி' என்றே அழைப்பாள். கன்னடத்தில் அச்சொல்லுக்குப் பாட்டி என்பது பொருள். தயங்கித் தயங்கிச் செய்தியைக் கூறினாள். அஜ்ஜி உடனே இசையவில்லை. "நாய் பொம்மை அன்று. புதிய இடத்தில் திடீரென விட்டால் அஞ்சும். மாதம் இருமுறை என் வீட்டில் தங்கிப் பழகட்டும். பழகினால் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறன்று படிவம் முழுமை பெற்றது. மணி அல்சூருக்கு வந்தது.

மூன்று மாதங்கள்

குட்டி வளர்ப்பது மகள் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. அது இரவில் அழுதது, அப்பாவின் காலணியைக் கடித்தது, கூடத்தை நனைத்தது. ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்தவள் மகளே. கால்நடை மருத்துவர் கூறியபடி உரிய காலத்தில் தடுப்பூசிகள் போடப்பட்டன. மூன்று மாத வயது நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்பட்டது. அந்நாள்கள் எல்லாம் ஓர் அட்டையில் குறிக்கப்பட்டன.

அஜ்ஜியின் வீட்டில் முதல் இரவு மணி உண்ணவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் மகளும் உறங்கவில்லை. இரண்டாம் முறை அவள் தன் பழைய போர்வையை உடன் கொடுத்தனுப்பினாள். மணி அதன்மேல் படுத்து உறங்கியது. நவம்பர் மாத இறுதியில், மாடிப்படியைக் கண்டாலே அது வாலாட்டிக்கொண்டு ஏறியது. கீழே 'வா' என்றாலும் மேலே 'பா' என்றாலும் ஓடி வந்தது. இரு மொழிகள் அறிந்த நாய் என்று பாட்டி பெருமையுடன் கூறினார்.

பவளத் தீவில்

டிசம்பரில் குடும்பத்தினர் நால்வரும் நுழைவு அனுமதி பெற்று, தொடர்வண்டியில் கொச்சிக்கும் அங்கிருந்து கப்பலில் கவரத்தித் தீவுக்கும் சென்றனர். இலட்சத்தீவின் தலைநகர் கவரத்தி. 36 தீவுகளைக் கொண்ட இலட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அவற்றுள் 10 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். இவை பவளப்பாறைகளால் உருவான தீவுகள். பாறை அரண் அலைகளைத் தடுப்பதால் கரையை ஒட்டிய கடல் குளம்போல் அமைதியாக இருக்கிறது.

கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் அமர்ந்து அவர்கள் கடலடியைக் கண்டனர். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்தன. அவை கொறித்து வெளியேற்றும் துகள்களும் கரையின் வெண்மணலில் கலந்துள்ளன என்று படகோட்டி கூறினார். பவளத்தை உடைத்தெடுப்பது அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. பாட்டி முழங்கால் நீரில் நின்று, தம் பாதங்களைத் தெளிவாகக் கண்டு சிரித்தார். "நான் வராமல் இருந்திருந்தால் இதை எப்படி அறிவேன்?" என்றார்.

ஒவ்வொரு மாலையும் அஜ்ஜியிடமிருந்து தொலைபேசியில் ஒரு வரிச் செய்தி வந்தது: "உண்டது. உறங்கியது." அதைப் படித்தபின் மகள் கவலையின்றி அலைகளில் விளையாடினாள். விட்டுவந்த ஒன்றை எண்ணி வருந்தாமல் மகிழ முடிந்ததற்கு, மூன்று மாத முயற்சியே காரணம் என்பதை அவள் உணர்ந்தாள்.

வீடு திரும்புதல்

அவர்கள் வாயிலில் நுழைந்தபோது மணி மாடியிலிருந்து பாய்ந்து வந்தது. மகளின் காலணியை நெடுநேரம் முகர்ந்தது. காலணியின் இடுக்கில் தீவின் வெண்மணல் சிறிது ஒட்டியிருந்தது. மணி முதல் நாளில் செய்ததுபோலவே அதன்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறன்று மகள் காப்பகத்துக்குச் சென்றாள். மூலையில் இருந்த முதிய நாயின் அருகில் அமர்ந்து அதன் தலையைத் தடவினாள். வாயிலில் ஒரு வண்டி நின்றது. நாய் வழக்கம்போல் தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்பு அதைத் தாழ்த்தி அவள் மடியில் வைத்தது. அதுமுதல் ஞாயிறுதோறும் அவள் அங்கே செல்கிறாள்.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
தடம் – அடையாளம்
வித்து – விதை, தொடக்கம்
அரண் – காவல், பாதுகாப்பு
முன்னெச்சரிக்கை – வருமுன் காக்கும் கவனம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விண்ணப்பப் படிவத்தின் இறுதி வினா யாது?
2. முதிய நாய் வண்டி ஓசை கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கியது ஏன்?
3. உஷா சுந்தரம் விமானப் பயிற்சி பெற்ற இடம் எது?
4. நாய் கடித்தால் உடனே செய்ய வேண்டியவை யாவை?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. இலட்சத்தீவில் நாய்கள் அனுமதிக்கப்படாததை, 'வெறுப்பு அன்று. முன்னெச்சரிக்கை' என மகள் கூறியது பொருத்தமானதா? காரணம் தருக.
2. பாட்டி வீட்டில் தங்குவதாகக் கூறியதை மகள் ஏற்காதது ஏன்? அவளுடைய இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இ. பிரித்து எழுதுக.
பவளப்பாறை, வெண்மணல், நாய்க்குட்டி, முன்னெச்சரிக்கை

ஈ. அடிக்கோடிட வேண்டிய வினையெச்சங்களைக் கண்டறிந்து எழுதுக.
1. மணி மாடியிலிருந்து பாய்ந்து வந்தது.
2. பாட்டி பாதங்களைக் கண்டு சிரித்தார்.

உ. செயல்திட்டம்
உன் வீட்டில் ஒரு விலங்கை வளர்ப்பதாகக் கொண்டு, அதன் உணவு, தடுப்பூசி, விடுமுறைக் காலப் பராமரிப்பு ஆகியவற்றை யார் யார் ஏற்பர் என ஓர் அட்டவணை அமைத்து வகுப்பில் படித்துக் காட்டுக.